பட்டத்தின் பெயர் போதாது, படித்த தாள்களைப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் படித்தவர்கள் பள்ளிகளில் கணித ஆசிரியராகலாமா என்ற கேள்வி, பி.எட். சேர்க்கை அறிவிப்பு வரும்போதும் ஆசிரியர் தகுதித் தேர்வு அறிவிப்பு வரும்போதும் தலையெடுக்கிறது; இரு தரப்பும் தத்தம் வாதத்தைச் சொல்லி முடித்ததும் அடங்கிவிடுகிறது. லாப்லாஸ் உருமாற்றமும் ஃபூரியர் தொடரும் படித்தவருக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒரு பொருட்டா என்று ஒரு தரப்பு கேட்கிறது. கணிதத்தையே பாடமாக எடுத்து மூன்றாண்டு படித்தவருக்குரிய இடத்தில், வேலை கிடைக்காத பொறியாளரைக் கொண்டுவந்து அமர்த்துவதா என்று மறு தரப்பு கேட்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவன் நான். அதில் பிற்பகுதியில், கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்த பி.எட். மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், இரு தரப்பும் பட்டத்தின் பெயரையே பார்க்கின்றன. அந்தப் பட்டத்துக்குள் என்னென்ன தாள்கள் இருந்தன, அவற்றில் எது பள்ளிக் கணிதத்துக்கு உதவும், எது இல்லாமல் போயிற்று என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் விதி என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அறிவியல், சமூக அறிவியல், மொழி உள்ளிட்ட கலைப் பாடங்களில் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண் பெற்றவர் பி.எட். சேரலாம். பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர், அறிவியலிலும் கணிதத்திலும் சிறப்புப் படிப்பு உடையவராக இருந்து 55 சதவீதம் பெற்றிருந்தால் சேரலாம். இதே விதிமுறைகள்தான் பி.எட். படிப்பை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளாக ஆக்கின. தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில், பி.எட். முடித்த பொறியியல் பட்டதாரிகள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றால் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணித ஆசிரியராகலாம் என்று அரசு வழி திறந்தது. ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே வருகிறவர் என்ன கொண்டு வர வேண்டும் என்பதைத்தான் யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை.

"அறிவியலிலும் கணிதத்திலும் சிறப்புப் படிப்பு" என்ற சொற்றொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுமானப் பொறியியல் இருக்கிறது, இயந்திரப் பொறியியல் இருக்கிறது, மின்னியல், மின்னணுவியல், கணினி அறிவியல், ஜவுளித் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் என்று கிளைகள் நீள்கின்றன. இவற்றுள் வழக்கமான எந்த பி.இ. பட்டத்தின் சான்றிதழில் கணிதத்தில் சிறப்புப் படிப்பு என்று அச்சிட்டிருக்கிறது? அப்படி இல்லாததால், நடைமுறையில் எல்லாக் கிளைகளும் தகுதியுடையவை என்றோ, குறிப்பிட்ட சில கிளைகள் மட்டும் தகுதியுடையவை என்றோ அந்தந்த அலுவலகம் தன் விருப்பப்படி பொருள் கொள்ள இடம் ஏற்பட்டுவிடுகிறது. பி.எட். சேர்க்கையின்போது ஏற்கப்பட்ட பட்டம், பணி நியமனத்தின்போது இணையானதா என்று மீண்டும் கேள்விக்குள்ளாவதும், மாணவர் இணைத்தன்மைச் சான்று தேடி அலைவதும் இந்தத் தெளிவின்மையின் விளைவுகளே. 50 சதவீதத்துக்குப் பதில் 55 சதவீதம் கேட்பதும் எனக்கு விளங்கவில்லை. வெப்ப இயக்கவியலிலும் இயந்திர வரைபடத்திலும் கூடுதலாகப் பெற்ற ஐந்து சதவீதம், வடிவியல் தேற்றத்தை நிறுவத் தெரியுமா என்பதைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

பொறியியல் பட்டத்துக்குள் இருக்கும் கணிதம் எவ்வளவு? பெரும்பாலான கிளைகளில் முதல் நான்கு பருவங்களுக்குள் மூன்று அல்லது நான்கு கணிதத் தாள்கள் வரும். மாணவர்கள் எம்-ஒன், எம்-டூ என்று அழைப்பதும், அரியர் விழுந்துவிடுமோ என்று அஞ்சுவதும் இவற்றைத்தான். அணிகளின் ஐகன் மதிப்புகள், கெய்லி-ஹாமில்டன் தேற்றம், பகுதி வகையிடல், பன்மடித் தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடுகள், வெக்டர் நுண்கணிதம், உருமாற்றங்கள், எண்சார் முறைகள் ஆகியவை அதன் உள்ளடக்கம். இவை எளிதானவை அல்ல. இவற்றை ஒழுங்காகத் தேறிய மாணவரின் கணக்கிடும் திறன் குறைத்து மதிப்பிடக்கூடியதும் அல்ல. ஆனால் அவற்றில் எதுவும் எண் என்றால் என்ன, நிறுவல் என்றால் என்ன, வரையறைக்கும் தேற்றத்துக்கும் வேறுபாடு என்ன என்று நின்று கேட்பதில்லை. அப்படிக் கேட்பது அந்தத் தாள்களின் நோக்கமும் இல்லை; பாலம் கட்டுகிறவருக்கு விடை சரியாக வர வேண்டும், அதுவும் உரிய நேரத்தில் வர வேண்டும். பள்ளிக் கணிதமோ பெரும்பாலும் அந்த முதல் கேள்விகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இதை வகுப்பறையிலேயே காட்டுகிறேன். இயந்திரப் பொறியியல் படித்த பயிற்சி ஆசிரியர் ஒருவர் பத்தாம் வகுப்பில் அளவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் அவர் கூம்பு வரைந்த அழகைப் பார்த்து நானே வியந்தேன். அளவுகோல் இல்லாமல், பின்பக்கத்து விளிம்பைப் புள்ளிக்கோடாகப் போட்டு, செங்குத்து உயரத்தையும் சாயுயரத்தையும் பிரித்துக் காட்டினார். கன அளவுக்கான சூத்திரத்தை எழுதியதும் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஏன் சார் மூணுல ஒரு பங்கு? உருளைக்குள்ள பாதியா இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. முக்கோணம் செவ்வகத்தில் பாதி என்று படித்த குழந்தைக்குக் கட்டாயம் எழ வேண்டிய கேள்வி. அவர் சற்றும் தயங்காமல் திரும்பித் தொகையீட்டுக் குறியைப் போட்டு, ஆரத்தை உயரத்தின் சார்பாக எழுதி, நான்கே வரிகளில் மூன்றில் ஒரு பங்கு என்று முடித்துவிட்டார். ஒரு பிழையும் இல்லை. ஆனால் தொகை நுண்கணிதம் அந்த மாணவிக்குப் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும். அவள் அந்த நான்கு வரிகளையும் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அறையில் அவரே கேட்டார்: "நுண்கணிதம் இல்லாமல் இதை எப்படி ஐயா சொல்வது?" நான் சொன்னது இது: ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு முனையை, அந்த முனையைத் தொடாத மூன்று முகங்களோடும் இணைத்தால், ஒரே அளவும் வடிவமும் கொண்ட மூன்று பிரமிடுகள் கிடைக்கும், ஆகவே ஒவ்வொன்றும் கனசதுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பிறகு, ஒரே உயரமும் ஒரே அடிப்பரப்பும் உடைய பிரமிடையும் கூம்பையும் அருகருகே நிறுத்தி, எந்த உயரத்தில் கிடையாக வெட்டினாலும் வெட்டு முகங்களின் பரப்பு சமமாகவே இருப்பதைக் காட்டினால் போதும். இத்தாலியரான கவாலியேரி 1635-இல் வெளியிட்ட வழி இது. இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் அட்டையில் அந்த மூன்று பிரமிடுகளையும் செய்து கொண்டுவந்தார். ஆண்டுதோறும் நான் செய்து வைத்திருந்தவை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கும். அவருடையவை ஒட்டிய இடமே தெரியாமல் கனசதுரமாகச் சேர்ந்தன. பொறியியல் வரைபடத்தில் பரப்புகளின் விரிப்பு வரையப் பழகியவர் ஆதலால், பக்கம் ஓர் அலகானால் மற்ற விளிம்புகள் 2-இன் வர்க்கமூலமும் 3-இன் வர்க்கமூலமும் ஆகும் என்று முதலிலேயே கணக்கிட்டு வெட்டியிருந்தார்.

நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. அவருக்கு இல்லாதது அறிவோ ஆர்வமோ அல்ல. பள்ளிக் கணிதத்தை அதன் எல்லைக்குள் நின்றே விளக்கும் வழிகளை அவருடைய நான்காண்டுப் படிப்பில் யாரும் அவருக்குக் காட்டவில்லை. காட்டிய மறுநாளே அவர் என்னை விஞ்சிவிட்டார்.

எல்லோருக்கும் அப்படி ஒரே நாளில் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். மின்னணுவியல் படித்த இன்னொரு பயிற்சி ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் நடத்தினார். 2-இன் வர்க்கமூலத்தைக் கணிப்பானில் பார்த்த மாணவன், 1.414213562 என்று எண் முடிந்துவிடுகிறதே, பிறகு எப்படி இது விகிதமுறா எண் என்று கேட்டான். கணிப்பானின் திரையில் அவ்வளவுதான் இடம் என்று அவர் சரியாகவே சொன்னார். "அப்படியானால் அது முடியவே முடியாது என்று எப்படித் தெரியும்?" என்று அவன் விடாமல் கேட்டதற்கு, கணினிகளில் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை கணக்கிட்டுப் பார்த்துவிட்டார்கள், எங்கேயும் முடியவில்லை என்றார். பொறியாளர் மனம் தரும் விடை இது. சோதனையில் தேறியது, ஆகவே ஏற்கலாம். கணிதத்தில் இது விடையே ஆகாது. எத்தனை கோடி இலக்கம் பார்த்தாலும் அடுத்த இலக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பதும், அதைப் பொதுக் காரணி இல்லாத இரண்டு முழுக்களின் விகிதம் என்று கொண்டால் இரண்டும் இரட்டைப்படை ஆகி முரண்பாட்டில் முடியும் என்ற ஐந்தாறு வரி நிறுவல் அந்தக் கோடிகள் அனைத்தையும் தேவையற்றதாக்கிவிடுகிறது என்பதும்தான் அந்தப் பாடத்தின் உயிர். அந்த மாணவன் அன்று கேட்டுவிட்டு நம்பிப் போனது ஒரு தவறான காரணத்தை.

சிறு விஷயமாகத் தோன்றும் இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்புப் பாடத்தில் திட்ட விலக்கம் காணும்போது மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். ஆய்வகத்தில் மாதிரிகளை வைத்துப் பழகிய பொறியியல் பட்டதாரி, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுப்பதையும் அறிந்திருப்பார். அறிவியல் கணிப்பானில் இரண்டுக்கும் தனித்தனி விசை உண்டு. எதை எப்போது பயன்படுத்துவது, முழுத்தொகுதிக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று தெளிவு இல்லாவிட்டால், வகுப்பில் பாதிப் பேர் ஒரு விடையும் மீதிப் பேர் வேறு விடையும் எழுதி வைப்பார்கள். அப்படி ஒரு விடைத்தாள் கட்டை நான் திருத்தியிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, பி.எஸ்சி. கணிதம் படித்தவர்களிடம் இந்தக் குறைகள் இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. நானும் அந்தப் பட்டம் பெற்றவன்தான். மெய்ப்பகுப்பாய்வு, நுண் இயற்கணிதம், எண் கோட்பாடு, நிலையியல், இயக்கவியல் எல்லாம் தாள் தாளாகப் படித்தோம். நுண் இயற்கணிதத்தில் வளையங்கள் என்ற பாடத்தின் முதல் சில தேற்றங்களுள் ஒன்று, இரண்டு உறுப்புகளின் எதிர்மறைகளைப் பெருக்கினால் அந்த உறுப்புகளின் பெருக்கமே கிடைக்கும் என்பது. அதைத் தேர்வில் நானும் நிறுவி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் வேலைக்குச் சேர்ந்து, ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன், குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று கேட்டபோது, "அது விதி, அப்படித்தான்" என்று சொல்லித்தான் நானும் தப்பித்தேன். நான் நிறுவிய தேற்றம்தான் அவன் கேட்ட கேள்வி என்பதும், பங்கீட்டுப் பண்பைக் கொண்டு மூன்று வரியில் அவனுக்குச் சொல்லியிருக்கலாம் என்பதும் எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908-இல் வெளிவந்த தம் கோட்டிங்கன் பல்கலைக்கழக விரிவுரைகளில் இதைத்தான் இரட்டை முறிவு என்று குறிப்பிட்டார். பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர் அதுவரை படித்ததை மறக்கிறார். ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகத்தில் படித்ததை மறக்கிறார். அவர் இதைச் சொன்னது கணிதம் படித்த ஆசிரியர்களைப் பற்றி. நூறாண்டுக்கு மேலாகியும் நம் பாடத்திட்டங்களில் அந்த முறிவு அப்படியே இருக்கிறது.

பொறியாளர் தம்மோடு கொண்டு வருவதையும் சொல்ல வேண்டும். மடக்கை எங்கே பயன்படும் என்று மாணவர் கேட்டபோதெல்லாம் பல ஆண்டுகள் நான் அட்டவணையைக் காட்டியிருக்கிறேன். ஒலியின் டெசிபெல் அளவு ஏன் மடக்கையில் இருக்கிறது என்று முதன்முதலில் எங்கள் பள்ளியில் பத்து நிமிடம் விளக்கியவர் ஒரு பொறியியல் பட்டதாரிதான். ஏற்றக் கோணத்தை வெளியே போய் அளந்து மரத்தின் உயரம் கண்டுபிடிக்க வைப்பதும், பிழை எவ்வளவு வந்தது, ஏன் வந்தது என்று மாணவரோடு பேசுவதும் அவர்களுக்கு இயல்பாக வருகிறது. தோராயம் என்பது குறை அல்ல, அளந்து கட்டுப்படுத்தக்கூடிய ஒன்று என்ற எண்ணம் கணிதப் பட்டதாரிகளாகிய எங்களிடம் குறைவு. ஆகவே அவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. வேலை கிடைக்காமல் வருகிறார்கள் என்ற ஏளனமும் பொருளற்றது. கணிதப் பட்டதாரிகளிலும் வேறு வேலை கிடைக்காமல் இத்தொழிலுக்கு வந்தவர்கள் உண்டு, அவர்களிலும் நல்லாசிரியர்கள் உண்டு.

அப்படியானால் தகுதித் தேர்வு இருக்கிறதே, அது சல்லடையாக இருக்காதா என்று கேட்கலாம். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குரிய இரண்டாம் தாளில் மொத்தம் 150 வினாக்கள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழிப் பாடங்கள் இரண்டுக்கும் 60, மீதி 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்து. எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். மேலே சொன்ன மூன்று வகுப்பறைகளில் எழுந்த எந்தக் கேள்வியையும் இந்த முறையில் சோதிக்க முடியாது. கூம்பின் கன அளவு காணச் சொன்னால் அந்தப் பயிற்சி ஆசிரியர் ஒரு நொடியில் சரியான கட்டத்தை நிரப்பியிருப்பார். பி.எட். படிப்பிலும் பாடப்பொருளைக் கற்பிக்கும் முறைக்கு இடம் இருக்கிறதே தவிர, பாடப்பொருளையே கற்பிக்க இடம் இல்லை. அது பட்டப்படிப்பிலேயே முடிந்துவிட்டது என்று கருதித்தான் அந்தப் பாடத்திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. கணிதம் படித்தவருக்கு ஓரளவு பொருந்தும் அந்தக் கருதுகோள் பொறியியல் படித்தவருக்குப் பொருந்தாது.

பிற நாடுகளும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. இங்கிலாந்தில், பட்டத்தில் கணிதம் போதிய அளவு இல்லாத, ஆனால் கணித ஆசிரியராக விரும்பும் பட்டதாரிகளுக்கு, ஆசிரியர் பயிற்சிக்கு முன்போ அதனோடு சேர்த்தோ, பாட அறிவு மேம்பாட்டுப் படிப்பு என்று 8 வாரம் முதல் 28 வாரம் வரை நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. யாருக்கு எத்தனை வாரம் என்பது அவரவர் ஏற்கெனவே படித்ததைப் பொறுத்து முடிவாகிறது. அமெரிக்கக் கணித அமைப்புகளின் கூட்டுக் குழு 2012-இல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் கடுமையானது: உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியருக்குக் கணிதப் பட்டத்துக்கு இணையான படிப்பு வேண்டும், அதற்குள் பள்ளிக் கணிதத்தையே உயர்ந்த நோக்கில் பார்க்கும் மூன்று தாள்கள் இருக்க வேண்டும் என்று அது கூறியது. அந்த மூன்று தாள்கள் என்ற யோசனைதான் நமக்கு மிகவும் வேண்டியது, அதுவும் கணிதப் பட்டதாரி, பொறியியல் பட்டதாரி இருவருக்குமே.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். பி.எட். கணிதப் பிரிவில் சேரும் பொறியியல் பட்டதாரியின் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கையின்போதே தாள் தாளாகப் பார்த்து, விடுபட்டவற்றை முதலாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று விதிக்க வேண்டும். விடுபட்டவை எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. கணினி அறிவியல் படித்தவர் தனிநிலைக் கணிதத்தில் தர்க்கம், கணிதத் தொகுத்தறிதல், சேர்மானவியல், குலங்கள் வரை படித்திருப்பார். நிறுவல் அவருக்கு முற்றிலும் புதிதல்ல, வடிவியல்தான் தொலைவில் இருக்கும். கட்டுமானப் பொறியியல் படித்தவருக்கு வடிவங்கள் கைவந்தவை, ஆனால் எண் கோட்பாட்டின் அடிப்படைகளை அவர் பள்ளிக்குப் பிறகு தொட்டிருக்க மாட்டார். இருவரையும் பி.இ. என்ற ஒரே தலைப்பில் அடைத்து, ஒன்று இருவரையும் ஏற்பது, இல்லையேல் இருவரையும் மறுப்பது என்பது சோம்பேறித்தனமான நிர்வாகம்.

என் கணிப்பில், எண்களின் அமைப்பும் எண் கோட்பாடும் ஒரு தாள், யூக்ளிடின் வடிவியலை நிறுவலோடு படிப்பது ஒரு தாள், மெய்ப்பகுப்பாய்வின் தொடக்கப் பகுதிகள் ஒரு தாள், இயற்கணித அமைப்புகள் ஒரு தாள், பள்ளிப் பாடநூலையே பக்கம் பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்கும் தாள் ஒன்று, ஆக ஐந்து தாள்கள் போதும். நிகழ்தகவும் புள்ளியியலும் பல கிளைகளில் ஏற்கெனவே உண்டு. இல்லாதவர் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்ன தாளைக் கணிதப் பட்டதாரிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். இவற்றுக்கான பாடங்களை மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாகவோ, அருகிலுள்ள கலை அறிவியல் கல்லூரியின் கணிதத் துறை வழியாகவோ நடத்துவது கடினம் அல்ல. ஆனால் தேர்வை மட்டும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில் வைக்கக் கூடாது. பத்துப் பேர் முன்னிலையில் ஒரு தேற்றத்தைப் பலகையில் நிறுவி, எழும் கேள்விகளுக்கு விடை சொல்வதும் தேர்வின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். இரண்டாமாண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குப் போகுமுன் இவை முடிந்திருந்தால், அந்த 16 வாரமும் உருப்படியாக இருக்கும்.

எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பொறியியல் பட்டதாரிகள் சிலர் எண்ணுகிறார்கள். அவ்வாறு படித்து வந்த ஒருவருக்கும் நான் வழிகாட்டியிருக்கிறேன். இடவியலும் அளவைக் கோட்பாடும் படித்திருந்தார், பின்னங்களை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று சொல்லத் திணறினார். விடுபட்டது பள்ளிக்கும் முதுநிலைக்கும் நடுவில், அதற்கு மேலே இரண்டாண்டு படித்து என்ன பயன்? போதாததற்கு, இளநிலையில் ஒரு பாடமும் முதுநிலையில் வேறு பாடமும் படித்தவர்களுக்கு 'கிராஸ் மேஜர்' என்ற பெயரில் மேல்நிலைப் பணியிடங்களில் வரும் தடைகளும் இருக்கின்றன. முதுநிலை படிப்பது அவரவர் விருப்பம். அதை இந்தக் குறைக்கு மருந்தாக யாரும் பரிந்துரைக்க வேண்டாம்.

6 முதல் 8 வரை என்ற வரம்பைப் பற்றியும் ஒரு சொல். சிறிய வகுப்புகள் ஆதலால் பொறியியல் பட்டதாரி போதும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குறை எண்களும் பின்னங்களும் இயற்கணிதத்தின் முதல் எழுத்தும் வருவது அந்த மூன்று வகுப்புகளில்தான். அங்கே ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்காத குழந்தை பத்தாம் வகுப்பில் கேள்வி கேட்பதையே விட்டுவிடுகிறது. மேலும் உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் என்ற ஒரே பணியிடம்தான் 6 முதல் 10 வரை பார்க்கிறது. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில், நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்றுகொள்ளுங்கள் என்று எந்தத் தலைமை ஆசிரியரும் சொல்லப் போவதில்லை. கால அட்டவணையில் காலியாக இருக்கும் கட்டத்தில் அவர் பெயரை எழுதிவிடுவார். காகிதத்தில் உள்ள வரம்பு பள்ளியில் இல்லை என்பதால், பத்தாம் வகுப்பு வரை கற்பிக்கத் தேவையான படிப்பைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவதே முறை.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களை இந்த விதி தண்டிக்கக் கூடாது. அவர்கள் இந்த ஐந்து தாள்களைக் கோடை விடுமுறைகளில், ஊதியத்துக்கும் பணிமூப்புக்கும் பாதகம் இல்லாமல் முடிக்க இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் தரலாம்.

எந்தப் பட்டம், அதில் எந்தத் தாள்கள், விடுபட்டதற்கு எந்தத் தாள், அதை எங்கே, எத்தனை மாதத்தில் முடிப்பது என்பதைத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் பள்ளிக் கல்வித் துறையும் ஆசிரியர் தேர்வு வாரியமும் கலந்து பேசி, ஒரே அட்டவணையாக, அடுத்த பி.எட். சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சேரும்போது ஏற்ற பட்டத்தை நியமனத்தின்போது மறுக்க மாட்டோம் என்ற உறுதியும் அந்த அட்டவணையின் அடியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்